இரண்டே வருடத்தில் ஏன் போனது கிளட்ச்? மாருதி 800-ஐ வீட்டு வாசலில் பிரித்த அனுபவம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. 2023 டிசம்பரில் குடும்பத்தோடு ஏறிக்கொண்டிருந்தபோது ஒன்பதாவது பலகையைத் தாண்டியதும் வண்டி சோர்ந்துபோனது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் எகிறியது, வேகம் கூடவில்லை. அடுத்த வளைவில் கருகிய வாடை உள்ளே வந்துவிட்டது. பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மெல்லத் திரும்பி இறங்கினோம்.

கிளட்ச் வழுக்குகிறது, அதாவது என்ஜினின் சுழற்சியை முழுதாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தவில்லை என்பதில் சந்தேகம் இல்லை. என்னை உறுத்தியது வேறு விஷயம். அந்த கிளட்ச் செட்டை ஒரு பட்டறையில் மாற்றி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, ஓடியது 14,000 கிலோமீட்டர். வண்டி 2008 மாடல். அதோடு வந்த முதல் கிளட்ச் 70,000 கிலோமீட்டருக்கு மேல் உழைத்தது. ஓட்டியது இரண்டு முறையும் நான்தான், ஓடியதும் அதே சாலைகளில்தான். அப்படியிருக்க இது மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் போக வேண்டும்? மறுபடி பட்டறையில் விட்டால் புது பிளேட்டைப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். காரணம் உள்ளேயே இருந்துவிடும். பிரித்து என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தது அதனால்தான்.

பிரிப்பதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்தேன். நீங்களும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மாருதி 800-இல் கிளட்ச் வேலை செய்வது கேபிளில். கிளட்ச் பிளேட்டை, ஃபிளைவீல் என்கிற என்ஜினின் கனமான சக்கரத்தோடு இறுக்கிப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். பெடலைக் கையால் அழுத்தினால் முதல் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு எந்த எதிர்ப்பும் இல்லாமல் போக வேண்டும். அந்தத் தளர்வு இல்லாமல் கேபிள் எப்போதும் இறுகியே இருந்தால், ரிலீஸ் பேரிங் ஓயாமல் பிரஷர் பிளேட்டை அழுத்திக்கொண்டே இருக்கும். காலை வைக்காமலேயே பாதி கிளட்ச் மிதித்த மாதிரி. அப்போதும் கிளட்ச் வழுக்கும், ஆனால் ஒரு நட்டைத் திருப்பினாலே சரியாகிவிடும். என் வண்டியில் தளர்வு சரியாகவே இருந்தது. அடுத்து சமதரையில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, நான்காவது கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டுப் பார்த்தேன். நல்ல கிளட்சாக இருந்தால் என்ஜின் உடனே திணறி அணைந்துவிடும். என்னுடையது அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் சோதித்துக் கொண்டிருப்பது பிளேட்டை எரிக்கிற வேலை. நிறுத்திவிட்டேன்.

மாருதி 800 இந்தியாவில் 1983-இல் விற்பனைக்கு வந்து 2014 தொடக்கம் வரை தயாரான வண்டி. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், தெருவுக்கு ஒருவருக்காவது அதன் உள்விவரம் தெரிந்திருக்கும். முதல்முறை கிளட்சில் கை வைக்க இதைவிடத் தோதான வண்டி இல்லை என்பேன். 796 சிசி, மூன்று சிலிண்டர் என்ஜின், அதையொட்டிச் சின்ன கியர் பாக்ஸ். இரண்டு பேர் சேர்ந்தால் கையாலேயே இறக்கி ஏற்றலாம்.

பொங்கல் விடுமுறையை இதற்கென்று ஒதுக்கினேன். 2024 ஜனவரி 13, சனிக்கிழமை காலை ஆரம்பம். துணைக்கு மச்சான் வந்தார், என் மனைவியின் தம்பி. பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், முப்பது வருடத்துக்கு மேல் பட்டறை வைத்திருந்து இப்போது ஓய்வில் இருப்பவர். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். சந்தேகம் வந்தால் கூப்பிடுகிறேன் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன்.

பாதுகாப்பு விஷயத்தில் சமரசமே வேண்டாம். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கிய வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்ட் வேண்டும், அதுவும் வண்டியின் அடிச்சட்டத்தின் பலமான இடத்தில் நிற்க வேண்டும். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் படுக்காதீர்கள். எடை தாங்கும்போது அவை சொல்லாமல் கொள்ளாமல் உடையும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். ஸ்டாண்டில் நிறுத்தியபின் இருவரும் சேர்ந்து வண்டியைப் பலமாக ஆட்டிப் பார்த்தோம். ஆடாமல் நின்ற பிறகுதான் உள்ளே போனோம்.

கழற்றும் வரிசை இது. பேட்டரி முதலில், நெகட்டிவ் முனையிலிருந்து. பிறகு ஏர் ஃபில்டர் பெட்டி, கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ரிவர்ஸ் லைட் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார். அடியிலிருந்து கியர் ராடு. கியர் ஆயிலை வடிக்கும்போது ஒரு பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள்: வடிக்கும் போல்ட்டைக் கழற்றும் முன், ஆயில் ஊற்றும் பக்கத்து போல்ட் திறக்கிறதா என்று பாருங்கள். அது துருப்பிடித்து மரை போயிருந்தால், உள்ளே இருந்ததை வடித்துவிட்டுத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியதுதான்.

ஒவ்வொன்றையும் கழற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்தேன். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போடாமல், ஒரு அட்டையில் கியர் பாக்ஸ் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எந்த ஓட்டையோ அந்த இடத்தில் அட்டையைக் குத்திச் செருகிவிட்டேன். கியர் பாக்ஸ் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. திரும்ப மாட்டும்போது ஒரு நிமிடம்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆக்ஸிலை (கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்) கழற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய ஹப் நட்டோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, ஆர்மைக் கீழே அழுத்தினால் சக்கரத்தோடு சேர்ந்து முழுவதும் வெளிப்பக்கம் நகரும். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் முனையை சர்க்கிளிப் என்கிற ஒரு சின்னக் கம்பி வளையம் பிடித்திருக்கிறது. டயர் லிவரை இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். ஷாஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் ஜாயின்ட் உள்ளுக்குள் கழன்றுகொள்ளும். வெளியே வந்த ஆக்ஸிலை அந்தரத்தில் தொங்கவிடாமல் கயிற்றால் கட்டினோம்.

கியர் பாக்ஸ் வந்துவிட்டால் என்ஜினுக்கு ஒரு பக்கம் பிடிமானம் இருக்காது. பானட்டைத் திறந்து, இரண்டு பக்க விளிம்பிலும் பழைய டயர்த் துண்டு வைத்து, குறுக்கே கனமான இரும்புக் குழாய் போட்டு, சங்கிலியால் என்ஜினைக் கட்டினோம். கீழே ஜாக்கி, அதன்மேல் ஒரு பலகை. என்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்ப் மெல்லிய தகடு என்பதால் பலகை இல்லாமல் ஜாக்கி கொடுத்தால் நசுங்கும். மாலை நாலரைக்கு கியர் பாக்ஸ் தரையில் இருந்தது.

பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டையும் குறுக்குக் குறுக்காகத் தளர்த்தி எடுத்தோம். கிளட்ச் பிளேட் கையில் விழுந்தது. இதைத்தான் நான் இரண்டு வாரமாகப் பார்க்கத் துடித்துக்கொண்டிருந்தேன்.

தேய்ந்த பிளேட் என்றால், உராயும் பட்டையான லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் தலை கிட்டத்தட்ட மேல்மட்டத்துக்கு வந்திருக்கும். தலைக்கு மேல் லைனிங் அரை மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால் அதன் ஆயுள் முடிந்தது. இந்த பிளேட்டில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டர் இருந்தது. அதாவது தேய்ந்ததால் அது போகவில்லை. ஆனால் முகம் முழுக்கக் கண்ணாடி போலப் பளபளத்தது, விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. ஃபிளைவீலின் முகத்தில் அங்கங்கே நீலத் திட்டுகள், சூடேறியதன் தடம். கிளட்சை மூடியிருக்கும் கியர் பாக்ஸ் உறையான பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியில் கறுப்பாக ஆயில் சேறு.

இதைத் துடைப்பதற்கு முன் ஒரு வார்த்தை. பழைய லைனிங்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். அதன்பிறகுதான் பனியன் வேஸ்ட்டும் கிளீனரும்.

சரி, அந்த ஆயில் எங்கிருந்து வந்தது? கிளட்சுக்குள் ஆயில் வர இரண்டு வழி, இரண்டுமே ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் சீல் என்கிற ரப்பர் வளையம் ஒழுகுவதால். கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் சீல் ஒழுகினால் கியர் ஆயில் வரும். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் ஒழுகினால் என்ஜின் ஆயில் வரும். மூக்கே கண்டுபிடித்துவிடும்: கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நெடி தூக்கலாக அடிக்கும். இது நீர்த்துப்போய், கறுத்து, அந்த நெடி துளியும் இல்லாமல் இருந்தது. என்ஜின் ஆயில்தான். கிராங்க் சீல் ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது. போன முறை மாற்றியவர்கள் ஃபிளைவீலைக் கழற்றவே இல்லை என்பது அதன் போல்ட்டுகளில் படிந்திருந்த பழைய அழுக்கிலேயே தெரிந்தது. அப்போதும் சீல் ஒழுகியிருக்கும். அதன்மேல் புது பிளேட்டை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதை நினைக்கையில் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சீல் இருநூறு ரூபாய்கூட இல்லை. அதைப் பார்க்காமல் விட்டதால் ஒரு முழு கிளட்ச் செட் பாழ், மலைப்பாதை நடுவில் அம்மாவும் பிள்ளைகளும்.

நான் கிளட்ச் செட்டை மட்டும் 2,300 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தேன். சீல் வாங்கவில்லை. ஞாயிறு போகி, திங்கள் பொங்கல், செவ்வாய் மாட்டுப் பொங்கல், புதன் காணும் பொங்கல். ஸ்பேர் பார்ட்ஸ் கடை எதுவும் திறக்கவில்லை. வாசலில் கோலம் போட இடமில்லாமல் மூக்கு கழன்ற காரைச் சுற்றிப் பொங்கல் வைத்தோம். கிளட்ச் செட் வாங்கும்போதே கிராங்க் பின் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், இரண்டு ஆக்ஸில் சீல், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பேரிங், இவ்வளவையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இவற்றின் மொத்த விலையைவிட, இரண்டாம் முறை கியர் பாக்ஸை இறக்குகிற உழைப்பு பெரிது.

அந்தக் காத்திருப்பில் ஒரு நன்மை நடந்தது. காணும் பொங்கலன்று அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். சீல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சீலைப் பார்க்கவே இல்லை.

"தம்பி, சீல் போனது சரி. எதனால போச்சுன்னு பாத்தீங்களா? பிரீதர் ஹோஸைக் கழட்டி ஊதுங்க."

என்ஜினின் மேல் மூடியிலிருந்து காற்று வாங்கும் பக்கத்துக்குப் போகிற ரப்பர் ஹோஸ் அது. கழற்றி ஊதினேன். காற்று போகவில்லை. உள்ளே கறுத்த கெட்டிப் படிவம் அடைத்துக்கொண்டிருந்தது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேறுகிற வழி இந்த ஹோஸ். வழி அடைபட்டால் என்ஜினுக்குள் அழுத்தம் கூடி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். நான் சீலோடு நிறுத்தியிருந்தால் புது சீலும் சீக்கிரமே ஒழுகத் தொடங்கியிருக்கும். வழுக்கியதற்குக் காரணம் ஆயில், ஆயிலுக்குக் காரணம் சீல், சீலுக்குக் காரணம் ஒரு அடைபட்ட குழாய். அண்ணனுக்கு அது பத்து விநாடி யோசனை.

வியாழக்கிழமை கடை திறந்தது. ஃபிளைவீல் இருந்த நிலையைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு கழற்றினோம். நீலத் திட்டுகள் ஆழமாக இல்லை, வெடிப்பும் இல்லை. லேத் பட்டறையில் காட்டினேன், முகத்தை லேசாகக் கடைந்து சமப்படுத்திக் கொடுத்தார்கள். பழைய சீலை நெம்பும்போது திருப்புளி கிராங்க்கின் பளபளப்பான பரப்பில் படக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் புது சீலும் அந்த வழியில் ஒழுகும். புதியதின் உதட்டில் கொஞ்சம் என்ஜின் ஆயில் தடவி, அதன்மேல் பழைய சீலையே வைத்து, சுற்றிலும் மரச்சுத்தியால் சீராகத் தட்டி இறக்கினேன். ஃபிளைவீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். இங்கே கை அளவை நம்ப வேண்டாம்.

கிளட்ச் பிளேட்டை மாட்டும் முன் அதை இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில் ஒருமுறை செருகிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் வழுக்கிப் போக வேண்டும். தவறான பிளேட் வந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். பற்களில் கிரீஸ் ஒரு பூச்சு போதும், அதிகமானால் தெறித்து லைனிங்கில் ஒட்டும். புது பிரஷர் பிளேட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதை முழுக்கத் துடைத்தாக வேண்டும். பிளேட்டுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. நடுவில் ஸ்பிரிங்குகளோடு புடைத்த பக்கம் கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் அது ஃபிளைவீல் போல்ட்டுகளில் இடிக்கும், கிளட்ச் பிரியவே பிரியாது.

பிளேட் மிகச்சரியாக நடுவில் உட்கார வேண்டும். அதற்குப் பிளாஸ்டிக் அலைன்மென்ட் கம்பி விற்கிறார்கள். நான் காயலான் கடையில் இதே வண்டியின் பழைய இன்புட் ஷாஃப்ட் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தினேன். அதைச் செருகியபடியே பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் அரைச்சுற்று என்று முறுக்கி வந்தோம். முடிந்ததும் ஷாஃப்ட் கையால் உருவ லேசாக வந்தது. அப்படி வந்தால்தான் நடுவில் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் கியர் பாக்ஸ் ஏற்றுவது. முழு வேலையிலும் பொறுமையைச் சோதித்தது இதுதான். தூக்கி நேர்பிடித்துத் தள்ளினோம். ஒரு விரல் அகலம் மிச்சம் இருக்கையில் நின்றுவிட்டது. அசைத்தோம், தள்ளினோம், அசையவில்லை. ஒரு மணி நேரம் போனது. கைகள் நடுங்க ஆரம்பித்தன. நீளமான இரண்டு போல்ட்டை மாட்டி முறுக்கினால் தானாக இழுத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. ஸ்பேனரை எடுத்தும்விட்டேன்.

"வேண்டாம் மாமா, காது உடைஞ்சிடும்" என்றார் மச்சான்.

அவர் சொன்னது சரி. பெல் ஹவுசிங் அலுமினிய வார்ப்பு. போல்ட்டால் இழுத்தால் அதில் போல்ட் மாட்டும் காது உடையும், இல்லையென்றால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி கோணிக்கொள்ளும். கியர் பாக்ஸின் எடையை ஷாஃப்ட் முனையில் தொங்கவிடுவதும் அதே கேட்டைச் செய்யும் என்பதால் அதற்கும் அடியில் கட்டை கொடுத்துத் தாங்கினோம். உட்கார்ந்து தேநீர் குடித்தோம். பிறகு டார்ச் அடித்து இடைவெளியைச் சுற்றிலும் பார்த்தேன். மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் இருந்தது. என்ஜின் சாய்ந்திருந்தது. ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாகும்படி செய்தோம். பிறகு கியரில் போட்டு, கிராங்க் புல்லி போல்ட்டை நான் ஸ்பேனரால் மெல்லத் திருப்ப, அவர் கியர் பாக்ஸை மிதமாக அழுத்திப் பிடித்தார். பற்கள் நேருக்கு நேர் வந்த கணத்தில் சத்தமே இல்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு மணி நேரம் பலத்தால் நடக்காதது அரை நிமிடத்தில் நடந்தது.

மிச்சமெல்லாம் கழற்றியதன் தலைகீழ் வரிசை. ஆக்ஸிலைச் செருகும்போது அதன் பற்கள் புது சீலைக் கிழிக்காமல் நேராகப் பிடித்து உள்ளே கொடுத்து, சர்க்கிளிப் பூட்டிக்கொண்டதா என்று ஜாயின்ட் உறையைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தோம். கியர் ஆயில் வடித்த அன்றே 'கியர் ஆயில் இல்லை' என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டியிருந்தேன். ஐந்து நாள் வேலையில், களைப்பில், இதைத்தான் மறப்போம். மறந்து ஓட்டினால் கியர் பாக்ஸே போய்விடும். 75டபிள்யூ-90 ஆயிலைப் பக்கத்து ஓட்டையில் வழிகிற மட்டம் வரை ஊற்றிய பிறகுதான் அந்தச் சீட்டைக் கிழித்தேன். பெடலின் தளர்வை மறுபடி இரண்டு சென்டிமீட்டருக்கு வைத்தேன். புது பிளேட் தடிமனாக இருப்பதால் பழைய அளவு பொருந்தாது.

ஸ்டாண்டில் இருக்கும்போதே என்ஜினை ஓடவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்து, அதன்பிறகு தரையில் இறக்கினோம். முதல் 500 கிலோமீட்டர் மலைப்பக்கம் போகவில்லை, அவசரமாகக் கிளம்பவும் இல்லை. லைனிங் ஃபிளைவீலோடு படிந்து பழக அந்த அவகாசம் வேண்டும். லேத் கூலி, சீல்கள், பேரிங், ஆயில், பழைய ஷாஃப்ட் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 4,900 ரூபாய். டார்க் ரெஞ்ச் கடன் வாங்கியது.

மார்ச்சில் மறுபடி ஏற்காடு ஏறினோம், அதே ஆட்களோடு. அதைவிட எனக்கு முக்கியம் வீட்டு வாசலில் கிடக்கும் ஒரு அட்டை. மாதம் ஒருமுறை இரவில் அதை என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே தள்ளிவைப்பேன். காலையில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பேன். பிரீதர் ஹோஸை ஒவ்வொரு ஆயில் மாற்றும்போதும் கழற்றி ஊதுகிறேன். போன வாரம் வைத்த அட்டையிலும் ஒரு சொட்டு ஆயில் இல்லை.